யோகனின் வலப்பக்கக் கண்ணாடி

போன மாதம் றியாஸ் எனக்கு அழைப்பு எடுத்தான். நான் ஓய்வெடுத்த பிறகு எங்கள் கராஜில் பெரிய மெக்கானிக் அவன்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல வேலைக்காரன்.

"செல்வம் அண்ணே, ஒரு பழைய ஜப்பான் வண்டி வந்திரிக்கு. இடப்பக்கக் கண்ணாடி பூட்டிட்டன். வலப்பக்கம் ஏறுதே இல்ல. மரை போயிட்டுப் போல."

"எந்தப் பக்கமாக் கிறுக்கின?"

"எல்லாத்துக்கும் கிறுக்கிற பக்கந்தான்."

"ஸ்பானர் வெச்சியா?"

"லேசா வெச்சன் அண்ணே." பலமாக வைத்துவிட்டான் என்று அர்த்தம்.

சில ஜப்பான் மோட்டார் சைக்கிள்களில் வலப்பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடிக்குத் திருகுமரை எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். முன்னாலிருந்து எதிலாவது இடிபட்டால் கண்ணாடி உடையாமல் இளகிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். தெரியாதவன் வழமைபோல முறுக்கினால், எங்கள் பேச்சில் கிறுக்கினால், அது இறுகாது. அதற்கு மேல் ஸ்பானர் வைத்தால் மரை தேய்ந்துபோகும். இதைச் சொன்னதும் றியாஸ், "இதெல்லாம் எழுதி வெச்சா என்ன அண்ணே? நீங்க மெளத்தானா நாங்க ஆரிட்டக் கேக்கிற?" என்றான். நான் சாகப்போகிறேன் என்ற கவலை அவனுக்கு இல்லை, கண்ணாடி ஏறாது என்ற கவலைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் இறக்கி ஏற்றத் தெரிந்தவர்கள் சித்தாண்டியிலும் இருக்கிறார்கள், ஓட்டமாவடியிலும் இருக்கிறார்கள். பழைய வண்டியில் கண்ணாடியை ஆடாமல் பொருத்தத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் நான் அடக்கமாக இருக்க மாட்டேன். புது வண்டி இறக்குமதி நின்றிருந்த வருடங்களில், வீட்டு வளவுக்குள் கோழி அடைந்து கிடந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வீதிக்கு வந்தன. பிரேக்கைப் பார், விளக்கைப் பார் என்பார்கள். "கண்ணாடி ஆடுது" என்பதைக் கடைசியாக, போகிற போக்கில் சொல்வார்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தொழில் பழகிய கதை நீளமில்லை. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. சில வருடம் டியூபுக்கு ஒட்டுப் போட்டேன், சில வருடம் வண்டி கழுவினேன். பிறகு காத்தான்குடிக் கபூர் நானாவின் கராஜுக்குள் போனவன், ஓய்வெடுக்கும் வரை வெளியே வரவில்லை. முதலாளியும் அவர்தான், தலைமை மெக்கானிக்கும் அவர்தான்.

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சாறன் உடுத்து வேலை செய்வார். மாலையில் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று அவரிடம் வேலை செய்த எனக்கும் றியாஸுக்கும் இன்னொருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. யாரையும் ஏசியதில்லை, கை ஓங்கியதில்லை. ஆனால் ஒருவன் பிழை விட்டால் பக்கத்தில் வந்து நிற்பார். அவன் கையிலிருக்கும் ஸ்பானரை வாங்குவார். ஒரு பழந்துணியால் தலையையும் வாலையும் துடைப்பார். சுவரில் அதற்குரிய ஆணியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார். அவ்வளவுதான். அவரே மறுபடி எடுத்துத் தரும்வரை அவனுக்கு வேலை இல்லை. ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று நாங்கள் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறோம்.

கண்ணாடி வேலை அவர் சொல்லித் தந்ததில்லை, பார்த்துப் பிடித்தேன். "ஆடுது" என்று வருகிறவன் மூன்று நோயை ஒரே பெயரில் சொல்கிறான். கண்ணாடி முகத்துக்குப் பின்னால் உள்ள குமிழ் மூட்டு தேய்ந்திருக்கலாம். தண்டை இறுக்கும் நட்டு இளகியிருக்கலாம். தண்டு இறங்குகிற தாங்கியில் மரை போயிருக்கலாம். எது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தை அசைத்தால் பாதி விடயம் தெரிந்துவிடும்.

குமிழ் தேய்ந்திருந்தால் சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டி உள்ளே செருகினால் ஆறு மாதம் நிற்கும். நட்டு என்றால் றப்பர் உறையைத் தூக்கி, துருவுக்கு எண்ணெய் விட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரவேண்டும். அவசரக்காரன் இந்த இடத்தில்தான் தண்டை முறிப்பான். புதுத் தண்டை முதலில் விரலால்தான் இறக்க வேண்டும், மூன்று சுற்றாவது. விரலுக்கு வராதது ஸ்பானருக்கும் வரக்கூடாது. அடிவரை இறக்கி, பிறகு அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ திரும்ப எடுத்து, கண்ணாடி பின்வீதியைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறக்கிப் பூட்ட வேண்டும். பலர் தண்டையே போல்ட் மாதிரி அடியில் இறுக்கிவிடுவார்கள். அப்போது கண்ணாடி வானத்தைப் பார்க்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டைப் பார்க்கும்.

கடைசி விடயம் நானாவின் சட்டம். வண்டிக்காரன் ஏறி இருந்துதான் கண்ணாடி சரிபார்க்க வேண்டும். நெல்மூட்டை ஏற்றுகிறவன் மூட்டையோடு இருக்க வேண்டும், மனைவியை ஏற்றுகிறவன் மனைவியோடு இருக்க வேண்டும். பின்பாரம் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழும், கண்ணாடி நிலத்தைப் பார்க்கும். "வெறும் வண்டியில பாக்கிறதெண்டா கண்ணாடிய வீட்டுச் சுவத்தில மாட்டு" என்பார். ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவர் கண்ணாடி மாற்ற வந்து, பொண்டாட்டியைக் கூட்டிவரத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இவ்வளவும் தெரிந்த நான்தான் யோகனைப் பாழாக்கப் பார்த்தேன்.

யோகன் தெற்கே வாவிக்கரைக் கிராமத்தவன். நாற்பது வயதிருக்கும். சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது இரண்டும் போயிற்று, பேச்சும் வளரவில்லை. மனைவி மலர் அவனோடு கையால் பேசுவாள். அவன் விடிய வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக உள்ள எழுவான்கரையில் கடல்மீன் வாங்கி, வண்டியின் பின்னால் அகலமான மரப்பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பாதையில் ஏறி வாவியைக் கடந்து மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரை ஊர்களுக்குள் கொண்டுபோய் விற்பான். பாதை என்பது எங்கள் பக்கத்தில் மிதவைகளின் மேல் பலகை அடித்த தட்டு. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றி அக்கரையில் இறக்கும். படுவான்கரையில் யோகனுக்கு வாடிக்கை அதிகம். கூவி விற்க முடியாதவன் என்பதால் பெண்கள் அவன் வருகிற நேரத்தை அறிந்து வாசலுக்கு வந்து நிற்பார்களாம்.

காது கேட்காதவனுக்குப் பின்னால் வருவதைச் சொல்ல அந்த இரண்டு கண்ணாடிகள்தான். அதிலும் முந்துகிறவன் வலப்பக்கமாக வருவதால் வலக்கண்ணாடி மிக முக்கியம். அகன்ற பெட்டியைத் தாண்டித் தெரிவதற்காக அவற்றை நீளமான தண்டில் வெளியே நீட்டியிருந்தான். அந்த வலக்கண்ணாடிதான் இளகிக்கொண்டே இருந்தது.

மலர்தான் அவனையும் கூட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். "மாமா, அவருக்கு இது ஆடினா நான் வீட்டில இரிக்கேலா. எங்க அண்ணன் வண்டிய வித்துப்போட்டுத் தன்ட கடையில மூட்டை அடுக்க வரச் சொல்றாரு. இவரு அங்க போனா ஒரு மூலையில குந்திப் போயிருவாரு. எப்பிடியாவது நிப்பாட்டித் தாங்க."

நான் புது நட்டுப் போட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தார்கள். தண்டை மாற்றி, பெட்டியைப் பாரத்தோடு ஏற்றி, யோகனை இருத்தி, சட்டப்படி எல்லாம் செய்தேன். இரண்டு கிழமையில் மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு தரமும் மலரிடம் கேட்டேன்: மேடு பள்ளத்தில் விழுத்துகிறாரா, எங்கேயாவது இடிக்கிறாரா, வண்டியை மரத்தில் சாத்துகிறாரா? அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். யோகன் என் சட்டையை ஒருமுறை பிடித்து இழுத்தான், கண்ணாடியைக் காட்டினான். "ஓம் ஓம், விளங்குது" என்று தலையாட்டிவிட்டு நான் மலரின் பக்கம் திரும்பினேன்.

மூன்றாம் தரம் எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. இரட்டை நட்டுப் போட்டேன். மரைக்குப் பசை விட்டேன். நீளப் பிடி ஸ்பானரில் என் பாரத்தைப் போட்டு இறுக்கினேன். "இனி ஆனை வந்து இழுத்தாலும் அசையாது புள்ள" என்று மலரிடம் சொன்னேன். சொல்லும்போது சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் கண்ணாடி அசையவில்லை, தாங்கியோடு பிய்ந்து விழுந்தது. படுவான்கரையில் ஒரு வயல் வட்டை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அலுமினியத் தாங்கி இரண்டாகிவிட்டது. முன் பிரேக் பிடியும் அதில்தான் இருக்கிறது, அதுவும் தொங்கிவிட்டது. பின்னால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம். அதன் சாரதி ஓயாமல் ஹோன் அடித்திருக்கிறார். கேட்காதவனுக்கு ஹோன் என்ன, கோயில் மணி என்ன? யோகன் விழுந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தபடியே நடுவீதிக்கு வந்திருக்கிறான். சாரதி வரம்பில் ஏற்றி நிறுத்தியதால் உயிர் தப்பினான். வண்டி வாய்க்காலுக்குள் விழுந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. மீன் எல்லாம் வயலுக்குள் போனது.

செய்தியையும் முறிந்த தாங்கியையும் கொண்டுவந்தவர் மலரின் அண்ணன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "உங்கள்ல பிழையில்ல. காது கேளாதவனுக்கு வண்டி என்னத்துக்கு? கட்டு அவுத்த உடனே வண்டிய எடுக்க ஆள் சொல்லிட்டன்" என்றார். பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் போன பிறகு கபூர் நானா எழுந்து வந்தார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். முறிந்த தாங்கியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முறிவின் பாதி இடம் கறுத்திருந்தது, பாதி பளபளத்தது. வெடிப்பு ஒரே நாளில் வந்ததில்லை, சில நாளாக வளர்ந்திருக்கிறது.

"இத ஆரோ இழுத்துக் கிறுக்கிரிக்காங்க செல்வம். நீ கிறுக்க ஏலாம இறுக்கி வெச்சிரிக்காய். மறுகா அது முறியத்தானே செய்யும்? ஆரு கிறுக்கினதெண்டு கேட்டியா?"

"மலரிட்டக் கேட்டன் நானா. தெரியாதெண்டிச்சி."

"வண்டி ஓடுற ஆரு?"

"யோகன்தான் நானா."

"அவனுக்கு வாய்தான் பேசாது. வாயாலயா வண்டி ஓடுறான்?"

அவ்வளவுதான் சொன்னார். என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கித் துடைத்து ஆணியில் மாட்டினார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கல்யாணமான மகள் இருக்கிறாள். றியாஸும் மற்றவரும் தலை நிமிராமல் வேலை செய்தார்கள். நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே யோகன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மாமரத்தின் கீழ் கட்டுப்போட்ட கையோடு, வளைந்து போன வண்டியைப் பார்த்தபடி இருந்தான். மலர் கதிரை கொண்டுவந்தாள். நான் இருக்கவில்லை. அவன் முன்னால் குந்தி, கண்ணாடி இருந்த இடத்தைக் காட்டி, விரலால் சுற்றிக் காட்டி, "யார்?" என்று கையை விரித்தேன். அதோடு நாலு தரம் அவனைக் கண்டிருக்கிறேன், அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

யோகன் எழுந்தான். இடக்கையால் தண்ணீர் அசைவதைக் காட்டினான். பிறகு உள்ளங்கையை நிலத்துக்கு நேராகப் பரப்பிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். பாதை! அதன் மேல் விரல்களை நெருக்கி நெருக்கி அடுக்கினான். மோட்டார் சைக்கிள்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் ஒருவனாக மாறி, சிரித்த முகத்தோடு எட்டி, இல்லாத கண்ணாடியைப் பிடித்து உள்ளே கிறுக்கினான். திரும்ப யோகனாகி, தலை குனிந்து நன்றி சொன்னான்.

மலர் வாயில் கை வைத்தாள். "இத என்னட்ட ஒருநாளும் சொல்லல்லியே!" என்று அவனிடம் கையாலும் கேட்டாள். அவன் ஏதோ காட்டினான். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. "நாங்க ஒருத்தரும் கேக்கல்லியாம் மாமா" என்றாள்.

அடுத்த நாள் அவனை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாதையில் ஏறினேன். எல்லாம் அவன் காட்டியபடியேதான். பாரவண்டி என்பதால் அவனைப் போன்றவர்களை முதலில் ஏற்றி முன்னால் நிறுத்துகிறார்கள். பிறகு மற்ற வண்டிகள் கைபிடியோடு கைபிடி முட்ட நெருங்குகின்றன. பிந்தி ஏறுகிறவன் முந்தி நிற்கிறவனின் கண்ணாடியைக் கேட்காமலே உள்ளே கிறுக்கிவிடுவான். அங்கே அது ஒரு மரியாதை, கண்ணாடி உடையக்கூடாதே என்ற நல்லெண்ணம். அவனுடையதும் ஜப்பான் வண்டி, வலக்கண்ணாடியை அப்படிப் பின்பக்கமாகக் கிறுக்கினால் எதிர்மரை இளகும். என் பசை காய்ந்த பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர், திரும்பாத கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி உதவி செய்திருக்கிறார். கரை சேர்ந்ததும் முன்னால் நிற்கிறவன்தான் முதலில் இறங்க வேண்டும். பின்னால் இருபது வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது எவன் ஸ்பானர் எடுத்துக் கண்ணாடி பூட்டுவான்?

ஆடாத கண்ணாடிதான் நல்ல கண்ணாடி என்று நான் அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். யோகனுக்குத் தேவைப்பட்டது உள்ளே மடங்கி, திரும்ப இழுத்தால் அதே இடத்தில் வந்து நிற்கும் கண்ணாடி. கராஜுக்குத் திரும்பி இதை நானாவிடம் சொன்னேன். அவர் ஆணியிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

வளைந்த வண்டியை நிமிர்த்தி, தண்டை இரண்டாக வெட்டினோம். கீழ்த்துண்டு புதுத் தாங்கியில் அளவான இறுக்கத்தோடு நிலையாக நிற்கும். ஏறாவூரில் ஒரு கடைசல் பட்டறையில் சிறு உறை கடைந்து, மேல்துண்டு அதற்குள் சுழலும்படி செய்தோம். உறைக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் சைக்கிள் சக்கர அச்சில் இருக்கும் ஓர் இரும்புக் குண்டு. தண்டில் ஒரு சிறு குழி. கண்ணாடி சரியான இடத்துக்கு வந்ததும் குண்டு குழிக்குள் விழும். முதலில் செய்தது தளர்வாக இருந்தது, பள்ளத்தில் தானாகவே மடங்கிவிட்டது. இரண்டாவது, கல்லாக நின்றது. மூன்றாவதை யோகன் கையில் கொடுத்தேன். "டக்கென்று சத்தம் வரும், கேட்டியா?" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மடக்கினான், விரித்தான், மடக்கினான், விரித்தான். பிறகு ஸ்பிரிங் இருக்கும் இடத்தைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும் என்று விரலால் காட்டினான். அவன் சொன்னது சரி. குண்டு விழுவது அவன் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும், என் காதுக்கு அல்ல.

கட்டு அவிழ்த்த கிழமையே அண்ணன் ஆளோடு வந்துவிட்டார். மலர் வாசலில் நின்று, "ஒரு நாள் பொறுங்க. நான் அவருக்குப் புறத்தால போய்ப் பாத்துட்டுச் சொல்றன். எனக்குப் பயமெண்டா நானே சாவியத் தாறன்" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன், அந்தத் தாங்கி முறிந்தது என் கையால் என்று. அவர் கூட்டி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்.

காலையில் பெட்டி நிறைய மீனோடு யோகன் முன்னால், என் வண்டியில் மலரை ஏற்றிக்கொண்டு நான் பின்னால். பாதையில் ஒருவர் வழமைபோல எட்டி யோகனின் கண்ணாடியை மடக்கினார். யோகன் அவருக்குத் தலை குனிந்தான். அக்கரையில் இறங்கும்போது வண்டியை நிறுத்தாமலே வலக்கையை ஒருதரம் எடுத்துக் கண்ணாடியை வெளியே இழுத்தான். அது வந்து நின்றது.

ஆனால் மலர் என் தோளை விடவில்லை. இருபது இருபத்தைந்து மீற்றர் பின்னால் போனோம். வயல் வீதியில் ஒரு பஸ் எங்களைக் கடந்து முன்னேறியது. யோகன் அது நெருங்கும் முன்பே ஓரம் எடுத்து வழி விட்டான். அதன் பின்னால் ஓர் உழவு இயந்திரம், அதற்கும் விட்டான். ஹோன் அடிக்க என் பெருவிரல் துடித்தது, அடக்கிக்கொண்டேன். அப்போது மலர் என் தோளிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று என் கண்ணாடியில் பார்த்தேன். காற்றில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

முன்னால் யோகனின் தலை சற்று வலக்கண்ணாடிப் பக்கம் சரிந்தது. இடக்கை மேலே வந்தது. அது மடங்கி, விரிந்து, இரண்டு தரம் முதுகுப்புறமாகச் சுட்டிக் காட்டியது. இருபத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவன் வண்டி ஓடும்போது அவளோடு பேசியது அதுதான் முதல் தரம் என்று பிறகு சொன்னாள்.

மலர் என் முதுகில் நெற்றியை வைத்துச் சிரித்தாள், அழுதாள் என்றும் சொல்லலாம்.

"என்ன புள்ள சொல்றான்?"

"நீங்க ஓடுற ஓட்டம் சரியில்லயாம் மாமா. நான் உங்களக் கெட்டியாப் பிடிச்சிக் கொள்ளட்டாம்."